ஏழாவது ஜாயிண்ட்

“அண்ணே, எனக்காக ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்க” என்று சொல்லி, நல்லுசாமி வண்டி ஸ்டாண்டிலேயே தலையைக் குனிந்துகொண்டான்.

பிலோமின்ராஜுக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது. வழக்கமாக யாராவது ஜெபம் கேட்டால் மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். பைக்கை விட்டு இறங்காமலேகூட ஆரம்பித்துவிடுவார். இன்றைக்குக் கை எழ மாட்டேன் என்றது.

“எம் பொண்டாட்டி வீரம்மா எங்க ஊர்க் கருப்புக்கு நேர்ந்துகிட்டிருக்கா. உங்க சாமிகிட்டயும் சொல்லி வெச்சுட்டா ஒரு தெம்புண்ணே. ரெண்டு மணிக்கு டெஸ்ட்டு. கண்ணு வேற ஒரு மாதிரி மறைக்குது. முப்பத்தெட்டு வயசுதான் ஆவுது, அதுக்குள்ள இப்படி ஆயிருச்சு.”

“கண்ணுக்கு ஒண்ணும் இருக்காது நல்லு.”

“இருக்குண்ணே. இல்லாட்டி அந்த ஜாயிண்ட்டை அப்படிப் போட்டிருப்பனா?”

இதற்கு மேல் அவனைப் பேச விட்டால் ஆபத்து. பிலோமின்ராஜ் அவன் தலையில் கை வைத்தார். ஜெபம் தானாக வந்தது, பழகிய வாய். இந்த மகனுடைய கண்களுக்கு வெளிச்சம் தாரும், கைகளைத் திடப்படுத்தும் என்று தங்குதடையில்லாமல் ஓடியது. ஆமென் என்று நல்லுசாமியும் சொன்னான். வையம்பட்டியிலிருந்து விடியுமுன்னே கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் இருந்தாலும், கும்பிட்டுவிட்டு உள்ளே போகும்போது நடை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. பிலோமின்ராஜ் அந்தக் கையைப் பேண்டில் இரண்டு முறை துடைத்துக்கொண்டார்.

அந்த ஜாயிண்ட்டைப் போட்டது நல்லுசாமி இல்லை. பிலோமின்ராஜ்தான். இது அவருக்கும், அவர் மனைவி அமலராணிக்கும், கடவுளுக்கும் மட்டுமே தெரியும். கடவுளிடம் அவர் சொல்லிவிட்டார், மன்னிப்பும் பெற்றுவிட்டார். தொந்தரவே அங்கேதான் ஆரம்பித்தது.

துவாக்குடி தாண்டி, பாய்லருக்குக் குழாய் வேலை செய்து கொடுக்கும் பட்டறை அது. அங்கே ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பர் செதுக்கிய இரும்பு பஞ்ச் ஒன்றைக் கையில் கொடுத்திருப்பார்கள். குழாய்களைப் பற்றவைத்து ஜாயிண்ட் போட்டு முடித்ததும் பக்கத்தில் அந்தப் பஞ்சை வைத்துச் சுத்தியால் ஒரு அடி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஜாயிண்ட் உள்ளே கெட்டிருந்தால் வெட்டி எடுப்பார்கள். யாருடைய நம்பர் பக்கத்தில் இருக்கிறதோ அவர் மறுபடி இரண்டு இரும்புத் தகட்டை ஒட்டி டெஸ்ட் பிளேட் போட்டுக் காட்ட வேண்டும். அதில் தவறினால் பஞ்சை வாங்கிக்கொண்டு கிரைண்டிங் பக்கம் அனுப்பிவிடுவார்கள். பன்னிரண்டு வருஷம் நெருப்போடு வேலை செய்தவன் அப்புறம் நாள் முழுக்கத் தூசியைத் தின்றுகொண்டு அடுத்தவன் போட்ட ஜாயிண்ட்டைத் தேய்க்க வேண்டியதுதான். பிலோமின்ராஜின் நம்பர் பதினேழு. நல்லுசாமியுடையது முப்பத்தொன்று.

பதினேழாம் நம்பர் நான்கு வருஷமாக வெட்டுப்பட்டதில்லை. அந்தச் சங்கதி பட்டறையில் தெரிந்ததைவிட எடமலைப்பட்டி புதூர் ஜெப வீட்டில் நன்றாகத் தெரியும். ஏனென்றால் பிலோமின்ராஜ் சாட்சி சொல்லும்போதெல்லாம் முடிப்பது அதைக்கொண்டுதான். பிறந்து வளர்ந்தது கத்தோலிக்கக் குடும்பம். இருபது வயதிலிருந்து குடி. கை நடுங்கி நடுங்கி மாதம் இரண்டு ஜாயிண்ட் வெட்டுப்படும். பிறகு ஒருநாள் இந்த ஜெப வீட்டில் கால் வைத்தார். நம் கிரியையால் அல்ல, விசுவாசத்தால் மட்டுமே நீதிமான் ஆகிறோம் என்று பாஸ்டர் சொன்னதைக் கேட்டு விம்மி விம்மி அழுதார். அதெல்லாம் பொய்யில்லை. குடி நின்றது, கை நின்றது. “நடுங்கின கையை ஆண்டவர் நிறுத்தினார். நாலு வருஷமா பதினேழாம் நம்பர்ல ஒரு ஜாயிண்ட் வெட்டுப்படலை” என்று அவர் கையை உயர்த்திக் காட்டும்போது பெண்கள் அல்லேலூயா சொல்லிக் கண்ணைத் துடைப்பார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரைச் சபை மூப்பராக்குவதாக ஏற்பாடு.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. நல்ல மழை. ஒரு பெரிய குழாயில் பத்துச் சின்னக் குழாய்களை வரிசையாகப் பொருத்த வேண்டிய வேலை. ஒரு முனையிலிருந்து நல்லுசாமி, மறுமுனையிலிருந்து பிலோமின்ராஜ். நல்லுசாமிக்குக் காய்ச்சல் கொதித்தது. ஆறாவதை முடித்ததும் அவனால் நிற்க முடியவில்லை. “ஆறாவதுல நம்பர் அடிக்கலண்ணே. நீங்களே அடிச்சு வெச்சிருங்க” என்று பஞ்சைக் கொடுத்துவிட்டுப் போனான். பஞ்சைக் கைமாற்றுவது பெரிய குற்றம். வேறு யாரிடமும் கொடுத்திருக்க மாட்டான். ஜெபக்கார அண்ணன் என்பதால் கொடுத்தான்.

பிலோமின்ராஜுக்கு மிச்சம் இருந்தது ஏழாவது ஒன்று. மணி நாலரை. ஆறு மணிக்கு உபவாச ஜெபத்தில் சாட்சி சொல்ல வேண்டும். கையில் இருந்த வெல்டிங் ராடுகள் மதியத்திலிருந்து வெளியே கிடந்து ஈரம் வாங்கியிருந்தன. சூட்டுப் பெட்டியிலிருந்து வேறு ராடு எடுக்க ஷெட்டின் அந்தக் கோடிக்குப் போக வேண்டும், சீட்டு எழுத வேண்டும். ஒருநாள்தானே என்று ஈர ராடிலேயே போட்டுவிட்டார். மேல் கசடைத் தட்டிப் பார்த்தால், புட்டு மாவு மாதிரி பொடிப்பொடியாக ஓட்டை. மேலே இன்னொரு வரி ஓட்டி மூடினார். ஆண்டவரே, நாலு வருஷ சாட்சி போய்விடுமே என்று நினைத்தார். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். கடவுள் பேருக்குக் களங்கம் வரக் கூடாதாம். ஒரு கையில் பதினேழு, ஒரு கையில் முப்பத்தொன்று. ஆறாவதில் முப்பத்தொன்றை அடித்தார். ஏழாவதிலும் முப்பத்தொன்றையே அடித்தார். அன்றைக்கு அவர் சொன்ன சாட்சி ரொம்ப நன்றாக இருந்தது என்று பாஸ்டர் பாராட்டினார்.

எக்ஸ்ரேயில் ஏழாவது மாட்டியது; அதை வெட்டி எடுத்து, நல்லுசாமியை மறு டெஸ்ட்டுக்கு எழுதிவிட்டார்கள். அவன் சண்டை போட்டிருந்தால் பிலோமின்ராஜ் சமாளித்திருப்பார். அவன் சண்டை போடவில்லை. “ஆறுதான் போட்டேன்னு ஞாபகம், ஆனா ஏழுல என் நம்பர் இருக்கே” என்று முதல் நாள் சொன்னான். “காய்ச்சல்ல போட்டிருப்பேன் போல” என்று இரண்டாம் நாள் சொன்னான். மூன்றாம் நாளிலிருந்து கண்ணைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

நேற்று ஞாயிறு மதியம், சாப்பாட்டுத் தட்டு முன்னால், பிலோமின்ராஜ் பெண்டாட்டியிடம் வாய் விட்டார். அமலராணி இன்னும் பழைய கோயிலுக்கே போகிறவள். பாவசங்கீர்த்தனக் கூண்டில் முட்டி போட்டு ஒரு மனுஷனிடம் பாவத்தைச் சொல்ல வேண்டுமா என்று அவளை நான்கு வருஷமாகக் கேலி செய்துகொண்டிருப்பவர் இவர்.

“ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன் அமலா. மன்னிச்சுட்டார். அது முடிஞ்சுபோச்சு.”

அவள் ரசத்தை ஊற்றிவிட்டுக் கேட்டாள். “நான் சாமியார்கிட்ட சொன்னா, யாருக்காச்சும் கெடுதல் ஆயிருக்கா, போயி சரி பண்ணிட்டியான்னு கேப்பாரு. உங்க ஆண்டவர் அதைக் கேக்கலையா?”

“நம்ம செய்யுறதால எதுவும் ஆவறதில்ல. கிருபைதான். உனக்குப் புரியாது.”

“புரியலதாங்க” என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது, “அந்தத் தம்பிக்கு நாளைக்கு எத்தனை மணிக்கு டெஸ்ட்டு?” என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது தேவதர்ஷினி மேடம் பிலோமின்ராஜைக் கூப்பிட்டனுப்பினார். தரப் பரிசோதனை இன்ஜினியர். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருகிறவர். முப்பது வயதுகூட ஆகவில்லை, முறைத்துப் பார்த்தால் கிழவர்களும் கையைக் கட்டிக்கொள்வார்கள். மறு டெஸ்ட் தாளில் மூத்த வெல்டர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், அதற்குத்தான் அழைப்பு.

“வேற யாராச்சும்...” என்று பிலோமின்ராஜ் இழுத்தார்.

“வெட்டே விழாத நம்பர் உங்களோடதுதானே. நீங்க போட்டாத்தான் மேலே கேள்வி வராது” என்றார் மேடம்.

பச்சைத் திரைக்குப் பின்னால் நல்லுசாமி இரண்டு பிளேட்டைப் பொருத்தி வைத்திருந்தான். கையுறையை இரண்டு தடவை கழற்றி மாட்டினான். பிலோமின்ராஜ் மனசுக்குள் பேரம் ஆரம்பித்தார். இவன் பாஸ் பண்ணிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டவரே, இவனைப் பாஸ் பண்ண வையும். காலையில் செய்த ஜெபத்தைவிட இது நெஞ்சிலிருந்து வந்தது. கேட்டது அவனுக்காக இல்லை என்பதால்.

வெளிச்சம் பளீரென்று எழுந்தது. நல்ல வெல்டர் ஓட்டினால் சத்தம் ஒரே சீராகப் பொரியும். இது பொரிந்தது, விக்கியது, நின்றது. நல்லுசாமி ஷீல்டைத் தூக்கிக் கண்ணைக் கசக்கினான். மறுபடி ஆரம்பித்தான். மறுபடி நின்றது. பிலோமின்ராஜுக்கு முதுகில் வியர்வை வழிந்தது. ராடைக் கொஞ்சம் கிட்டே கொண்டு போடா என்று கத்த வேண்டும் போலிருந்தது. பன்னிரண்டு வருஷமாக நன்றாகப் போட்டுக்கொண்டிருந்த கைதான் அது. கண்ணும் நல்ல கண்தான். அந்தக் கண்ணை அவனே நம்பாமல் செய்தது யாரென்று அந்த ஷெட்டில் ஒருத்தருக்குத்தான் தெரியும்.

மேடம் பிளேட்டைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தார். அடிப்பக்கம் இரும்பு இரண்டும் சேரவே இல்லை; மயிரிழை மாதிரி கறுப்பாகக் கோடு ஓடியது.

“இது தேறாது நல்லுசாமி. மன்னிச்சுக்குங்க” என்றார். தாளில் எழுதி, பேனாவோடு பிலோமின்ராஜ் பக்கம் தள்ளினார்.

பேனா கையில் இருந்தது. மூத்த வெல்டர் பெயர், நம்பர், கையெழுத்து. மூன்று கட்டங்கள். பெயரை எழுதினார். நம்பரில் ஒன்றை எழுதினார். ஏழை எழுதக் கை வரவில்லை.

நல்லுசாமி தாமதத்தைத் தவறாகப் புரிந்துகொண்டான். தனக்காக அண்ணன் மனசு கஷ்டப்படுகிறார் என்று நினைத்துவிட்டான். “போட்டுருங்கண்ணே” என்றான் தணிவாக. “நீங்க தலையில கை வெச்சு ஜெபம் பண்ணியும் ஆவலைன்னா, அது என் கண்ணுதாண்ணே. உங்க மேல ஒண்ணுமில்ல.”

பிலோமின்ராஜுக்கு உள்ளே எதுவோ அறுந்தது. மன்னிச்சுட்டார் என்று நேற்று ரசம் சாதத்தின் முன்னால் அவ்வளவு தைரியமாகச் சொன்னோமே. மேலே ஒருத்தர் உட்கார்ந்து நீ நீதிமான் என்று தீர்ப்புச் சொல்லியே விட்டார் என்றால், இந்தத் தகர மேசை முன்னால் எதைக் காப்பாற்ற இப்படி வியர்க்கிறது? தீர்ப்பு வந்துவிட்டவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது? அப்படியானால் அந்தத் தீர்ப்பை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. நம்பியதெல்லாம் பதினேழாம் நம்பரை. நான்கு வருஷம் வெட்டுப்படாத நம்பரைத்தான் நீதி என்று உடுத்திக்கொண்டு மேடை ஏறியிருக்கிறார். பழைய மனுஷன் சாராயக் கடையில் செத்துப்போனான் என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. அவன் சாகவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கையை உயர்த்திக் காட்டிக்கொண்டிருக்கிறான்.

பேனாவை வைத்தார்.

“மேடம், அந்த ஏழாவது ஜாயிண்ட் நான் போட்டது.”

மேடம் நிமிர்ந்து பார்த்தார். “என்ன சொல்றீங்க?”

“நான்தான் போட்டேன். இவன் பஞ்ச் எங்கிட்ட இருந்துச்சு. அதை அடிச்சுட்டேன்.”

மேடத்தின் முகம் மெல்ல மாறியது. கோபம் வரும் என்று பிலோமின்ராஜ் பார்த்தார். வந்தது அது இல்லை. “நீங்க ஜெபக்காரர்னு எல்லாரும் சொல்லுவாங்க” என்றார் மேடம். “அதுக்காக இவர் பழியை நீங்க தூக்கிக்க வேண்டாம். பெரிய மனசுதான், ஆனா ரெக்கார்டுன்னு ஒண்ணு இருக்கு.”

இப்படி ஒரு வாசல் திறக்கும் என்று யார் கண்டது. பேசாமல் நின்றால் போதும். குற்றமும் போய்விடும், தியாகி பட்டமும் வந்துவிடும். செத்துக்கொண்டிருந்த பழைய மனுஷன் கண் விழித்துப் பார்த்தான். பிலோமின்ராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு மூச்சில் மீதியையும் சொன்னார். ஈர ராடு. உள்ளே ஓட்டையைப் பார்த்தது. மேலே ஒரு வரி ஓட்டி மூடியது. “என் அடி எப்பவும் வலது பக்கம் சாயும் மேடம். பதினேழு எங்கெல்லாம் இருக்கோ போய்ப் பாருங்க. அந்த ஏழாவதுலயும் முப்பத்தொண்ணு சாய்ஞ்சுதான் இருக்கும். ஆறாவதுலயும். ரெண்டும் நான் அடிச்சது. இவன் நேரா அடிப்பான்.”

வெட்டி எடுத்த துண்டு இன்னும் ஆபீஸ் அலமாரியில்தான் இருந்தது. மேடம் போய்ப் பார்த்துவிட்டு வந்தபோது கோபம் வந்திருந்தது, சரியான கோபம். பதினேழாம் பஞ்சை மேசைமேல் வைக்கச் சொன்னார். மறு உத்தரவு வரும்வரை கிரைண்டிங். பஞ்சைக் கொடுத்ததற்காக நல்லுசாமிக்கும் ஒரு மெமோ வரும் என்றார். டெஸ்ட் தாளைக் குறுக்கே கிழித்துப் போட்டார்.

நல்லுசாமிக்கு மெமோ காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. அவன் பிலோமின்ராஜைப் பார்த்து ஒன்றுதான் கேட்டான்.

“அப்ப என் கண்ணுல ஒண்ணும் இல்லையா?”

“இல்ல நல்லு. ஒண்ணும் இல்ல.”

“காலையில தலையில கை வெச்சீங்களே.”

பிலோமின்ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மன்னிச்சுக்க என்று சொல்ல வாய் வந்தது; மன்னிப்பைக்கூட இவனிடமிருந்து இப்போதே பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறோமே என்று வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை. நல்லுசாமி திரும்பிப் போய், ஒருத்தரும் கேட்காமலே, வேறு இரண்டு பிளேட்டைப் பொருத்தினான். திரைக்குப் பின்னால் வெளிச்சம் எழுந்தது. சத்தம் ஒரே சீராக, விக்காமல், கடைசிவரை பொரிந்தது.

சாயங்காலம் பைக்கில் திரும்பும்போது பிலோமின்ராஜுக்கு உடம்பு லேசாக இருந்தது. கையில் பஞ்ச் இல்லை, பெயர் இல்லை, ஞாயிற்றுக்கிழமை காட்ட ஒன்றுமில்லை. அப்படியும் மேலே அந்தத் தீர்ப்பு மாறாமல் இருக்கிறது என்பது முதல் தடவையாக உறைத்தது. அழுகை வந்தது. நல்ல அழுகைதான். திருவெறும்பூர் தாண்டும்வரை நல்ல அழுகையாகவே இருந்தது. அதற்குப் பிறகுதான், மனசு தன்பாட்டில் ஒரு வாக்கியம் செய்துகொண்டிருப்பதைக் கவனித்தார். ‘பிரியமானவர்களே, நான் என் நம்பரை மேசைமேல் வைத்த அந்த நாள்...’ ஆரம்பம் நன்றாகவே அமைந்திருந்தது. எந்த இடத்தில் நிறுத்தினால் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள் என்றுகூடத் தெரிந்துவிட்டது.

அந்தப் பழைய ஆள் செத்து முழுசாக மூன்று மணி நேரம் ஆகவில்லை.

பொன்மலை ஷிஃப்ட் விட்டு வருகிற கூட்டத்துக்கு நடுவே வண்டியை ஓரம் கட்டி, பாஸ்டருக்குப் போன் போட்டார். எல்லாவற்றையும் சொன்னார். மூப்பர் பொறுப்பு தனக்கு வேண்டாம் என்றும் சொன்னார். பாஸ்டர் நல்ல மனுஷன், நீளமாகப் பெருமூச்சு விட்டார்.

“பிரதர், இதையே ஞாயித்துக்கிழமை சாட்சியா சொல்லுங்களேன். எத்தனை பேருக்கு ஆசீர்வாதமா இருக்கும்.”

“வேணாங்க பாஸ்டர். சொன்னா அவன் பொழச்சுக்குவான்.”

“யாரு?”

“பழைய ஆளு” என்றார் பிலோமின்ராஜ்.

மறுநாள் காலை கிரைண்டிங் பக்கம் போய் நின்றபோது, அங்கே சேதி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. சேதிக்கு அவசரம் ஜாஸ்தி. பாதியைத்தான் தூக்கிக்கொண்டு வந்திருந்தது. கிரைண்டருக்குக் கல் மாற்றிக்கொண்டிருந்த தாஜுதீன் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லுவைக் காப்பாத்த நீங்களே பழியை ஏத்துக்கிட்டீங்களாமே. அல்லா உங்களுக்குக் குறை வைக்க மாட்டான்.”

பக்கத்தில் இருந்த நாலைந்து பேரும் பார்த்தார்கள். எல்லார் கண்ணிலும் ஞாயிற்றுக்கிழமை ஜெப வீட்டில் பார்க்கிற அதே பார்வை. கையைப் பிடித்தபடி அப்படியே சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். யாரும் போய் விசாரிக்கப் போவதில்லை. பத்தடி தள்ளி, குழாய்க்கு அந்தப் பக்கம், நல்லுசாமி முதுகைக் காட்டிக்கொண்டு ராடு பொறுக்கிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அவன் இவர் பக்கம் திரும்பவில்லை. அண்ணே என்று கூப்பிடவில்லை.

பிலோமின்ராஜ் கையை விடுவித்துக்கொண்டார். “அப்படி இல்லீங்க பாய். தப்பு என்னுது. அதை நான்தான் அவன் தலையில கட்டினேன்.”

யாரோ கிரைண்டரை ஓட்டினார்கள். தாஜுதீன் கையைக் காதில் குவித்து, “என்ன சொன்னீங்க?” என்றார்.

பிலோமின்ராஜ் வாயைத் திறந்தார். நேற்றைவிட இன்றைக்குக் கஷ்டமாக இருந்தது. நாளைக்கு இன்னும் யாராவது வருவார்கள், மறுபடி சொல்ல வேண்டியிருக்கும் என்பதும் தெரிந்தது.

நல்லுசாமி திரும்பினான். கையில் ராடோடு, நேராக அவர் முகத்தைப் பார்த்தான்.

“அவருக்குக் கேக்கலை” என்றான். “சத்தமா சொல்லுங்க.”

பிலோமின்ராஜ் சத்தமாகச் சொன்னார்.